நூற்ற நூலும் கொடுத்த வாக்கும்



உங்கள் பின்னல் கூடையை ஒருமுறை பாயில் கவிழ்த்துப் பாருங்கள். எத்தனை வேலைகள் அரைகுறையாகக் கிடக்கின்றன? வெட்கப்பட வேண்டாம். முதலில் என் கூடையைச் சொல்லிவிடுகிறேன். பேரக் குழந்தைக்கு ஒரு தொப்பி. உச்சியை மூடுவது பாக்கி. சின்ன மகனுக்கு ஒரு மப்ளர். ஒரு முழத்தோடு நிற்கிறது. அடுத்த வீட்டு ராத்தாவுக்கு ஒரு சால்வை. நான்கு விரல் அகலம்கூட வளரவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், மாமிக்கென்று ஆரம்பித்த கையில்லாத ஸ்வெட்டர். முன்பக்கம் முடிந்து, பின்பக்கம் பாதியில் கிடந்தது.

வெலிமடையில் இருப்பவர்களுக்குக் குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுபஹுக்கு எழும்பி வுளூச் செய்யப் போனால் தண்ணீர் கையைக் கடிக்கும். வயதானவர்களுக்கு அது எலும்பு வரை போகும். “இந்தக் குளிருக்கு முந்தி முடித்துத் தருகிறேன் மாமி, இன்ஷா அல்லாஹ்” என்று நான் சொல்லியிருந்தேன். அந்தக் குளிர் வந்தது, போனது. மாமி ஒன்றும் கேட்கவில்லை. பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் தொழுதார்.

இத்தனை பாக்கி இருக்கும்போதுதான் எனக்கு நூல் நூற்கப் பழகும் ஆசையும் வந்தது! கடையில் வாங்கும் நூலை ஒருநாளாவது நானே நூற்றுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பழைய தலையணை ஒன்றைப் பிரித்து, இலவம் பஞ்சில் முயன்றேன். திரிக்கத் திரிக்கக் கையோடு கழன்று வந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. இலவம் பஞ்சின் இழை வழுவழுப்பானது; ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. அதனால்தான் அது தலையணைக்கு நல்லது, நூலுக்கு ஆகாது. பருத்தி இழையில் இயற்கையாகவே முறுக்கு உண்டு. ஆட்டுக் கம்பளியின் இழையிலோ கண்ணுக்குத் தெரியாத சிறு செதில்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால் பழகுகிறவர்களுக்குக் கம்பளியே இலகு. நம் நாட்டுச் செம்மறிகள் வெப்பத்துக்குப் பழகியவை. பின்னலுக்கு ஏற்ற கம்பளி அவற்றிடம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், சீவிப் பதப்படுத்திய கம்பளி ஒரு பொட்டலம் கொண்டு வந்து தந்தார்.

நூற்கும் கருவியை வீட்டிலேயே செய்தேன். பென்சில் பருமனில் ஓர் அடி நீளக் குச்சி. அதன் அடிப்பக்கத்தில் பாரத்துக்காகப் பழைய சீடித் தட்டு இரண்டு. துளை பெரிதாக இருந்ததால் ரப்பர் துண்டு வைத்து இறுக்கினேன். மேல் முனையில் சிறிய கொக்கி. இந்தியப் பள்ளிகளில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குப் பழக்கிய தக்ளியும் இந்த வகைதான்.

ஒரு துண்டு நூலைக் குச்சியில் கட்டி, அதன் நுனியில் கம்பளியைச் சேர்த்துப் பிடித்து, குச்சியை வலப்பக்கமாகச் சுழற்றித் தொங்கவிட வேண்டும். பார்க்க இலகு. என் குச்சியோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீமெந்துத் தரையில் விழுந்தது. இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய வேண்டியிருப்பதால் வரும் தடுமாற்றம் இது. அதற்கு ஒரு வழி உண்டு. சுழற்றி முறுக்கேறியதும் குச்சியை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்திவிடுங்கள். பிறகு ஆறுதலாகக் கம்பளியை இழுத்து மெலிதாக்கி, முறுக்கை அதற்குள் போக விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. கை பழகிய பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்.

இப்படி நூற்ற இரண்டு இழைகளைச் சேர்த்து, இப்போது இடப்பக்கமாக முறுக்க வேண்டும். எதிர்த் திசையில் முறுக்கினால்தான் நூல் சுருண்டுகொள்ளாமல் நிற்கும். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, தொங்கவிட்டுக் காயவைத்தால் முறுக்கு நிலைத்துவிடும்.

ஒரு மாலை முழுக்க நூற்றது தொப்பியில் இரண்டு சுற்றுக்குக்கூடக் காணவில்லை. அதுவும் ஓரிடம் கயிறு, ஓரிடம் சிலந்தி நூல்! இயந்திரம் வருவதற்கு முன் உலகத்தின் உடை முழுவதும் இப்படித்தான் விரல்களிடையே பிறந்தது. அதில் பெரும்பங்கு பெண்களின் விரல்கள். விஜயன் இலங்கையில் இறங்கியபோது குவேனி ஒரு மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்று மகாவம்சம் சொல்கிறது. ஒரு நெசவாளரின் தறிக்கு நூல் கொடுக்கப் பல பேர் நூற்க வேண்டியிருந்தது.

அன்றிரவு, சூரத்துந் நஹ்லின் 92வது வசனம் நினைவுக்கு வந்தது. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணை அதில் அல்லாஹ் உதாரணம் காட்டுகிறான். மக்காவில் அப்படி ஒரு பெண் இருந்தாள் என்று விரிவுரையாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ முறை ஓதிய வசனம். ஒரு முழம் நூலுக்கு எவ்வளவு பாடு என்று என் விரல்களுக்குத் தெரிந்த பிறகுதான் அந்த உதாரணத்தின் கனம் விளங்கியது.

சகோதரிகளே, அந்த வசனம் பின்னல் வேலையைப் பற்றியதல்ல. கொடுத்த வாக்கைப் பற்றியது. அதற்கு முந்திய வசனம் உடன்படிக்கையை நிறைவேற்றச் சொல்கிறது. என் கூடையில் கிடந்தவை வெறும் நூல் அல்ல. ஒவ்வொன்றும் ஒருவருக்குச் சொன்ன சொல். ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதை நாம் எவ்வளவு எளிதாகத் தப்பிக்கும் வழியாக்கி விடுகிறோம்!

மறுநாளே கூடையை ஒழுங்கு செய்தேன். யாரும் எதிர்பார்க்காத மப்ளரைப் பிரித்து நூலைச் சுற்றி வைத்தேன். வளர்ந்துவிட்ட மகனுக்கு அது நினைவிலேயே இல்லை. ராத்தாவிடம் போய், “இந்த வருஷம் முடியாது” என்று நேராகச் சொன்னேன். தொப்பியின் உச்சியை மூட ஒரு இரவு போதுமாக இருந்தது. பிறகு மாமியின் ஸ்வெட்டர் மட்டும்தான். அஸருக்குப் பின் பின்னல். நூற்பு நாளுக்குக் கால் மணி நேரம், அதுவும் அன்றைய பின்னல் முடிந்த பிறகுதான்.

பதினெட்டு நாளில் முடிந்தது. மாமி அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

“மாமி, நீங்க மறந்திருப்பீங்கண்டு நெனச்சன்” என்றேன்.

“மறக்கல்ல மகள். கேட்டா ஒங்களுக்கு மனக்கஷ்டமெண்டுதான் கேக்கல்ல.”

எனக்குப் பதில் வரவில்லை. கேட்காமல் காத்திருப்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இன்றே கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு வேலையும் யாருக்கு என்று பெயர் சொல்லி அடுக்குங்கள். முடியாததை முடியாதென்று சொல்லிவிடுங்கள். முடிவதில், வயதில் மூத்தவருடையதை முதலில் எடுங்கள்.

நூற்கப் பழகுவதும் நல்லதுதான். என் குச்சி இன்னும் சீமெந்தில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.