மறுதேர்வுக்கு மனப்பாடம் மட்டும் போதாது

தாதியர் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் என்னிடம், பதிவுத் தேர்வில் தோல்வியடைந்தவர்களும் வருவதுண்டு. 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டப்படி, பதிவு பெறாதவர் நம் நாட்டில் தாதியாகப் பணிபுரிய முடியாது. மூன்றாண்டு டிப்ளோமா படிப்பின் உழைப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

வந்தவர்களில் பலர் பழைய குறிப்புகளை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் மனப்பாடம் செய்கிறார்கள். அது போதாது என்பேன். ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் வலி. இன்னொருவருக்கு மூச்சுத் திணறல். முதலில் யாரைக் கவனிப்பது? மூச்சுத் திணறுபவரைத்தான். ஏன் என்று விளக்கத் தெரிந்தவர், கேள்வி எப்படி மாறி வந்தாலும் தடுமாறமாட்டார்.

மருந்துக் கணக்கும் அப்படித்தான். 500 மில்லிலிட்டர் திரவத்தை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி என்றால், நிமிடத்திற்கு ஏறக்குறைய 42 துளி. இப்படித் தினமும் ஐந்து கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். தவறிய விடைகளைத் தனிக் குறிப்பேட்டில் காரணத்தோடு எழுதுங்கள்.

பெற்றோரே, "எப்போது வேலைக்குப் போவாய்?" என்று தினமும் கேட்காதீர்கள். படிக்க இரண்டு மணி நேர அமைதியைக் கொடுங்கள். காரணம் அறிந்து செயல்படும் தாதிதான் நாளை நம் படுக்கையருகில் நிற்க வேண்டும்.