பாட்டுக்கு லட்ச ரூபாய் வேண்டாம்

வீட்டிலேயே குழுவாகப் பாட்டுப் பதிய நினைக்கும் இளைஞர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை இது: “லட்ச ரூபாய்க்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கு, பெரிய ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் மென்பொருளை வாங்கு. முடியாவிட்டால் சென்னைக்குப் போ.” கிழக்குக் கடற்கரைச் சாலையில், மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் உள்ள கீழ்புத்துப்பட்டில் இதைக் கேட்கும் பிள்ளைக்கு, ‘உனக்கெதற்குப் பாட்டு’ என்றுதான் காதில் விழும். உப்பளக் கூலியில் ஓடும் வீட்டில் லட்ச ரூபாய்க்கு எங்கே போவது? அந்த அறிவுரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு கூற்றையும் தட்டிப் பார்ப்போம்.

“விலை ஏற ஏறத்தான் ஒலி துலங்கும்.” மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுப்பதே இன்டர்ஃபேஸின் வேலை. இன்றைய நடுத்தர விலைக் கருவிகளிலேயே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 100 டெசிபலுக்கு மேல் இடம் இருக்கிறது. மின்விசிறி சுற்றும் அறையின் இரைச்சல் 40 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அரிது. பறையின் அடி மைக்கருகே 110 டெசிபலைத் தொட்டாலும், நமக்குப் பயன்படுவது 70தான். கருவியின் எல்லையை எட்டும் முன்பே விசிறியும் கடலிரைச்சலும் வழிமறித்துவிடுகின்றன. விசிறியை நிறுத்தக் காசு வேண்டியதில்லை.

“ஆளுக்கொரு உள்ளீடு இல்லாமல் குழுவைப் பதிய முடியாது.” இதில் பாதி உண்மை உண்டு. பறை, உறுமி, கிதார், கீபோர்டு, குரல் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்து, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்த வேண்டுமானால் எட்டு உள்ளீடுகள் வரை தேவைப்படும்தான். ஆனால் முதலில் தாளத்தை இரண்டு மைக்கில் பதிந்துவிட்டு, அதைக் கேட்டபடியே கிதாரையும் குரலையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ 1967இல் நான்கு டிராக் நாடா இயந்திரங்களில்தான் உருவானது. நான்கும் நிறைந்ததும் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றி, இடம் உண்டாக்கிக்கொண்டார்கள். நான்கு உள்ளீடுள்ள கருவி பெரும்பாலான குழுக்களுக்குப் போதும். ஏடாட் என்ற ஒளியிழைத் துளையும் அதில் இருந்தால், பின்னாளில் எட்டு மைக் வரை கூட்டிக்கொள்ளலாம்.

“192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால்தான் தரம்.” மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். ஓர் அலையைப் பிழையின்றிப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேலான சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு அத்தனை முறை அளப்பது, போதும். குறுந்தகட்டுக்கு 44.1 வைத்தது அதனால்தான். 48இல், 24 பிட்டில் பதியுங்கள். 192க்குப் போனால் கோப்பின் அளவு நான்கு மடங்காகும், பழைய லேப்டாப் திணறும்.

“மலிவுக் கருவியில் ஒலி தாமதித்து வரும்.” ஒலியைச் சிறிது சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளில் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அதன் தாமதம் 2.7 மில்லிசெகண்ட். ஒலி உள்ளே போய் வெளியே வர மொத்தம் பத்து ஆனாலும், மேடையில் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரின் பறை நம் காதை எட்டும் நேரம்தான் அது. தாமதம் கூடுவது பெரும்பாலும் மோசமான டிரைவரால். விண்டோஸ் கணினி என்றால், கருவி செய்தவரே தந்த ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

“பெரிய மென்பொருள் இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.” கேட்பவர் காதுக்கு மென்பொருளின் பெயர் தெரியாது. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, தனிநபர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். லினக்ஸில் ஆர்டர் (Ardour) இருக்கிறது, ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு மிக்ஸிங்குக்குப் பெரிய ஸ்டுடியோவிடம் தர நேர்ந்தாலும், ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வேவ் கோப்பாக எடுத்துக் கொடுத்தால் எந்த மென்பொருளும் திறக்கும்.

“வீட்டில் பதிந்தது வீட்டோடு போகும்.” புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் 1982இல் வெளிவந்தது, அது வீட்டில், நான்கு டிராக் கேசட் கருவியில் பதிந்தது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, அகதியாக லண்டன் சேர்ந்த பாடகி மாயா அருள்பிரகாசம், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியையும் நான்கு டிராக் ரெக்கார்டரையும் வைத்துத் தம் முதல் மாதிரிப் பாட்டுகளைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 2005இல் வந்த ‘அருளர்’ ஆல்பம். முகாமில் வளரும் பிள்ளைகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

மிச்சமாகும் பணத்தை மைக்குக்கும் கேபிளுக்கும் ஹெட்போனுக்கும் வையுங்கள். உப்புக்காற்றின் ஈரம் கன்டென்சர் மைக்கைப் படபடவென்று பொரிய வைக்கும். டைனமிக் மைக் தாங்கும். எதை வாங்கினாலும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை எர்த்தில். வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிக்கு, பாடுபவரின் முதுகுக்குப் பின்னே கனத்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். ஊர் அடங்கிய பின்னிரவில் விசிறியை நிறுத்திவிட்டு முதல் பாட்டைப் பதியுங்கள். அதைக் கேட்ட பிறகும் ஒரு குறை தெரிந்தால், அந்தக் குறைக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் வாங்குங்கள்.