தீவு தாங்கியது என்கிறோம், தாங்கியவர்கள் யார்?

‘மூழ்கடிக்க முடியாத விமானந்தாங்கிக் கப்பல்’ என்பது இரண்டாம் உலகப்போர்க் கால மால்டாவைக் குறிக்க வரலாற்று நூல்கள் அடிக்கடி கையாளும் தொடர். மாணவர்கள் இதை வெறும் உவமையாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். இது ஓர் அரசியல் பார்வை என்பதே என் கருத்து. போர்க்கப்பலில் இருப்போர் படையினர்; மால்டாவில் இருந்தோர் ஏறத்தாழ 2,70,000 குடிமக்கள்.

சிசிலிக்குத் தெற்கே 100 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், இத்தாலியிலிருந்து லிபியா செல்லும் கடல்வழியின் அருகே அமைந்திருந்தது இந்தப் பிரிட்டிஷ் காலனி. அங்கிருந்து புறப்பட்ட விமானங்களும் நீர்மூழ்கிகளும் ரோம்மலின் படைக்குச் சென்ற சரக்குகளைக் கடலில் மூழ்கடித்தன. 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போர் அறிவித்ததும், மறுநாளே தீவில் குண்டுகள் விழுந்தன. முற்றுகை 1942 இறுதிவரை நீடித்தது.

இதன் பின்னர் நூல்கள் வீரத்தைப் பேசுகின்றன. நான் உணவைப் பேச விரும்புகிறேன். தன் மக்களுக்குத் தேவையான தானியத்தைத் தானே விளைவிக்க இயலாத தீவு அது. 1942 கோடையில் ஆட்சியாளர்கள் ஒரு தேதியைக் கணக்கிட்டு வைத்திருந்தனர். அதற்குள் கப்பல்கள் வராவிடில் சரணடைவதைத் தவிர வேறு வழியில்லை. பால் தந்த ஆடுகள் இறைச்சிக்காக வெட்டப்பட்டன. பொதுச் சமையற்கூடங்களின் வாசலில் மக்கள் பாத்திரங்களோடு வரிசையில் நின்றனர். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த பதுங்கறைகளில் குடும்பங்கள் இரவுகளைக் கழித்தன. ஆகஸ்டில் அனுப்பப்பட்ட 14 வணிகக் கப்பல்களுள் 5 மட்டுமே கரை சேர்ந்தன. அவற்றுள் இறுதியாக, ‘ஓஹியோ’ என்ற எண்ணெய்க் கப்பல் மரியன்னையின் விண்ணேற்பு விழா நாளான ஆகஸ்ட் 15 அன்று துறைமுகத்துக்குள் இழுத்து வரப்பட்டது. படைத்துறை ஆவணங்களில் அந்நடவடிக்கையின் பெயர் ‘பெடஸ்டல்’. மால்டா மக்களின் நினைவிலோ அது ‘சாந்தா மரியா’ கப்பல்தொடர். ஒரே நிகழ்வுக்கு வழங்கும் இவ்விரு பெயர்களுக்கிடையே இரு வேறு வரலாறுகள் உள்ளன.

1942 ஏப்ரல் 15 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு முழுமைக்கும் ‘ஜார்ஜ் சிலுவை’ விருதை வழங்கினார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், இத்தாலியச் சார்புடையோர் என்ற ஐயத்தின்பேரில் காவலில் வைக்கப்பட்டிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட மால்டா மக்கள், வழக்கு விசாரணை ஏதுமின்றி உகாண்டாவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான என்ரிக்கோ மிட்சி 1950இல் மால்டாவின் பிரதமரானார். தீவை ஒற்றை வீரனாகப் போற்றும் கதையில் இவர்களுக்கு இடமில்லை.

விருதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விடுதலைக்குப் பின்னரும் மால்டா அச்சிலுவையைத் தன் கொடியில் வைத்திருக்கிறது. அது அம்மக்களின் உரிமை. ஆனால், பசித்திருக்க வேண்டுமா என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. தீர்மானித்தது லண்டன், தாங்கியவர்கள் மக்கள். தெரிவு செய்யும் வாய்ப்பே அளிக்கப்படாதவர்களின் துயரத்தைத் ‘தியாகம்’ என்று பெயரிட்டு அழைப்பது, முடிவெடுத்தவர்களின் பொறுப்பை மறைத்துவிடுகிறது.

முற்றுகைகளை ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படைத்தளபதிகளின் நினைவுக்குறிப்புகளைத் திறக்கும் முன், பங்கீட்டுப் பதிவேடுகளையும் திருச்சபைகளின் இறப்புப் பதிவுகளையும் திறந்து பாருங்கள். போரின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் இடம், அங்கே ஓர் ஊராகத் தெரியும்.