ஒருவகைப் பறவை

தமிழ் படித்தோர் அனைவருக்கும் பழக்கமான பறவை ஒன்று உண்டு. அதற்குச் சிறகு இல்லை, நிறம் இல்லை, குரலும் இல்லை. மரத்திலும் அது தங்குவதில்லை, நீரிலும் மேய்வதில்லை. உரைநூல்களின் அடிக்குறிப்பே அதன் வாழிடம். அதன் பெயர் 'ஒருவகைப் பறவை'.

மகன்றில் யாது? ஒருவகைப் பறவை. கணந்துள் யாது? அதுவும் ஒருவகைப் பறவை. முப்பது ஆண்டுகளாக இவ்விடையை மாணாக்கருக்குச் சொல்லி, எழுதுவித்து, எழுதியவர்க்குப் புள்ளியும் இட்டு வந்தவன் நான். ஒருநாள் கண்டாவளையிலிருந்து வரும் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "எந்த வகை, ஐயா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. பரீட்சைக்கு வேண்டாத கேள்வி என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். விடை தெரியாத ஆசிரியனுக்குப் பரீட்சை நல்லதொரு கேடயம்.

அன்று மாலை வீடு திரும்புகையில் பரந்தனில் எனக்குரிய பஸ் போய்விட்டது. முல்லைத்தீவு வீதியால் வந்த வேறொன்றில் ஏறி முரசுமோட்டையில் இறங்கிக் கண்டாவளைக்கு நடந்தேன். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முதிய கமக்காரர் ஒருவர் வழித்துணையாக வந்தார். பொழுது மங்கும் வேளை. அறுவடை முடிந்த வயலிலிருந்து ஒரு பறவை திடீரென எழுந்து, எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டு, விடாமற் கத்தியது. கிழவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ஆள் வருது எண்டு உது ஊருக்கெல்லாம் சொல்லுது, வாத்தியார்" என்றார்.

நான் வீதியில் நின்றுவிட்டேன். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் வரும் கணந்துளைப் பற்றி அன்று காலையில் நான் சொல்லாமல் விட்டதை மாலையில் அவர் சொல்லிவிட்டார். அப்பறவைக்குக் கால் நெடியது என்பர் பழம் புலவர். அதன் குரல் தெளிவானது. தனிவழியிற் கேட்போரை வருத்துவது. ஆறலை கள்வர் பதுங்கியிருக்கும் பாலை வழியில் ஆள் இருப்பதை வழிப்போக்கருக்கு அறிவித்து அவரைக் காப்பது அது. ஆளை அறிவிக்கும் பறவையை நம் ஊர் எப்படி அழைக்கிறது? ஆட்காட்டி என்று அழைக்கிறது. புலவன் தொடராற் சொன்னதை ஊரார் ஒரு சொல்லில் அடக்கிவிட்டனர்.

நெடுங்கால் என்ற அடையைக் கொண்டு இதனைப் பவளக்கால் உள்ளான் என்று கொள்ளலாமே எனின், அதற்கும் இடமுண்டு. அதன் கால் ஆட்காட்டியின் காலினும் நீளம். ஆயினும் உள்ளான் நீர்நிலையை நம்பி வாழ்வது. வறண்ட பாலை வழியில் அதற்கு வேலையில்லை. ஆட்காட்டியோ வெறுந்தரையில் முட்டையிடுவது. அதனாலேயே ஆள் நடமாட்டம் கண்டவுடன் அலறுகிறது. நம் பகுதியில் அதில் இரு வகை உண்டு. கண்ணருகே செந்தசை உடையது நீர்ப்பாங்கான இடத்தை விரும்பும். மஞ்சள் தசை உடையது காய்ந்த நிலத்திற் காணப்படும். பாலை வழிக்கு இரண்டாவது பொருந்தும். ஊரைக் கூட்டும் கூச்சலுக்கு முதலாவது பொருந்தும். இரண்டில் ஒன்று என்பதே என் துணிபு. மறுப்போர் மறுக்கலாம், ஆனால் வயலுக்குப் போய் வந்து மறுக்கட்டும்.

நிற்க. இங்கிலாந்திலே ஹாம்ப்சயர் மாகாணத்துச் செல்போண் என்னும் சிற்றூரில் கில்பேர்ட் வைற் என்றொரு பாதிரியார் இருந்தார். பெரும்பயணம் எதுவும் செய்தவரல்லர். தம் ஊரின் வேலியையும் தோப்பையும் வானத்தையும் நாடோறும் பார்த்து, பார்த்ததைக் கடிதங்களாக எழுதினார். 1789 இல் அவை நூலாயின. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் மூன்று சிறு குருவிகளை அவற்றின் பாட்டு வேற்றுமையாற் பிரித்தறிந்தவர் அவர். தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது மட்டும் அவருக்கு இறுதிவரை விளங்கவில்லை. எங்கேனும் பொந்திற் புகுந்து உறங்குமோ என்று ஐயுற்றார். தெரியாததைத் தெரியாதென்றே எழுதிவைத்தார். அதுவும் ஒரு கல்விதான். அவ்வினத்துக் குருவிகள் வட ஆசியாவிலிருந்து புறப்பட்டு ஐப்பசி வாக்கில் நம் பரந்தன் மின்கம்பிகளில் வரிசையாக அமர்கின்றன. கீழே பஸ்ஸுக்கு நிற்கும் நாம் நேரத்தைப் பார்க்கிறோம், கைத்தொலைபேசியைப் பார்க்கிறோம், கம்பியைப் பார்ப்பதில்லை.

ஆங்கில நாட்டில் அப்பாதிரியாருக்குப் பின் இப்பழக்கம் பொதுமக்களிடம் பரவிற்று. வேலைக்குப் போகும் எழுதுவினைஞன் புகைவண்டியின் யன்னலால் இன்ன பறவை கண்டேன் என்று குறித்துக்கொள்ளும் நாடு அது. நமக்கு யன்னல் இல்லையா? 2014 இல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய புகைவண்டி ஆனையிறவைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடான யன்னல் எந்த நாட்டில் உண்டு? மாரியில் இரு புறமும் நீர். கொக்கும் நாரையும் உள்ளானும் ஆலாவும் அங்கே மேயும். கிழக்கே சுண்டிக்குளம். 1938 இல் பறவைச் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அரசு அறிவித்த இடம் அது. பூநாரைகள் வந்து தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை வடித்து உண்ணும் காட்சியை அங்கே காணலாம். நம் மாணாக்கருள் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்?

இவ்வினாவைக் குற்றமாக அவர்கள்மேற் சுமத்த எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு. 2009 தை மாதத்திலே இதே பரந்தன் முல்லைத்தீவு வீதியால் சனம் கிழக்கு நோக்கி நகர்ந்தது. மீண்டு வந்து குடியேறியபோது நிலத்தினுள் வெடி இருந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் வயலோரங்களில் நின்றன. "வீதியை விட்டு இறங்காதே, பற்றைக்குள் கால் வையாதே, கண்டதைத் தொடாதே" என்று பிள்ளைகளுக்கு நாமே நாடோறும் சொன்னோம். சொல்லாமல் இருக்க முடியுமா? குளக்கட்டிலும் கடனீரேரிக் கரையிலும் திரிந்து பேரனாருடன் பெயர்களைக் கற்கவேண்டிய வயதில், ஒரு தலைமுறை வீதியின் நடுவே நடக்கப் பழகியது. பலகைகள் பல இடங்களில் அகற்றப்பட்டுவிட்டன. கால் இன்னும் வீதியை விட்டு இறங்கவில்லை. அதற்குள் பேரன்மார் பலர் போய்விட்டார்கள். அவர்களோடு எத்தனை பெயர்கள் போயின என்பதை எந்த நிகண்டிலும் தேடிக் காணமுடியாது.

இதில் எனக்கு நாணம் தருவது இன்னொன்று. பிரித்தானியப் பீரங்கிப் படையின் அதிகாரியாக இங்கு வந்த வின்சென்ற் லெக் என்பவர் இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெருநூலாக எழுதி 1880 இல் நிறைவு செய்தார். அதிலே பறவைகளின் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் கேட்டுக் குறித்திருக்கிறார். நம் மொழி தெரியாத ஒரு படையதிகாரி நம் ஊராரிடம் கேட்டறிந்ததை, அம்மொழியிலே பண்டிதர் பட்டம் பெற்ற நாம் கேட்கவில்லை. கேட்பது நம் கௌரவத்துக்குக் குறைவென்று எண்ணினோம் போலும்.

பண்டிதருக்கு இலக்கணம் போதாதா, குருவி எதற்கு என்று நண்பர் ஒருவர் என்னிடம் வினவினார். அவருக்குத் திருவிளையாடற் புராணத்தையே எடுத்துக் காட்டினேன். கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலத்தை நாம் எத்தனை முறை படித்துப் பயன் சொல்லியிருக்கிறோம்! காக்கைகளாற் கொத்துண்டு வருந்திய எளிய குருவி இறைவன் அருளால் வலிமை பெற்று வலியான் என்னும் பெயரும் பெற்றது என்பது கதை. கோயில் வீதியிலே கதை கேட்டவர் பின்பக்கத்துப் பனையடியில் அதனைக் கண்ணாலே காணலாம். பிளந்த வாலுடைய அச்சிறு கரிய குருவி, தன்னிற் பெரிய காகத்தைத் துரத்திச் சென்று முதுகிற் கொத்தும், பருந்தையும் விடாது. தென்னிலங்கையார்க்கு இக்காட்சி எளிதன்று; இக்கரிக்குருவி இலங்கையில் வடபால் வறண்ட பகுதிகளிலேயே பெரிதும் வாழ்வது. படலத்தைப் பாடியவர் குருவியைப் பார்த்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. பார்த்த ஒன்றுக்கே அவர் காரணம் சொல்கிறார். பாராத நமக்கு அது வெறும் அற்புதமாக நின்றுவிடுகிறது. நண்பர் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் உடன்பட்டதாகவும் தெரியவில்லை.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பறவையைக் கண்டவுடன் பாட்டைக் கொண்டுவந்து அதன் கழுத்திற் கட்டிவிடும் ஆர்வமும் ஆபத்தானது. அன்றிலைப் பாருங்கள். செந்தலையும் வளைந்த அலகும் உடையதென்றும், பனையிற் கூடுகட்டித் துணையோடு வாழ்வதென்றும் பழம்பாட்டுக்கள் கூறும். தென்னிந்திய வயல்வெளியில் உலவும் செந்தலைக் கரிய அரிவாள் மூக்கனுக்கு இவ்வடையாளம் ஒத்துவருகிறது. கண்டாவளை வயலில் நாம் காண்பதோ வெள்ளை உடலும் கரிய தலையும் கழுத்தும் உடைய அரிவாள் மூக்கன். அலகு வளைந்திருக்கிறது என்பதற்காக அதனைச் சுட்டி, 'இதோ சங்கத்து அன்றில்' என்று மாணாக்கனுக்குச் சொல்வது பொய். ஒருவகைப் பறவை என்பதாவது சோம்பல். இது துணிந்த பிழை. ஒத்ததை ஒத்ததென்றும் ஒவ்வாததை ஒவ்வாததென்றும் சொல்லும் பயிற்சிக்குப் பெயர்தான் உரைகாணல்.

பெயர் விடயத்திலும் எச்சரிக்கை வேண்டும். தமிழகத்திலே பறவை நூல்கள் நல்லனவாகப் பல வந்துள்ளன. அவை நமக்கும் உதவுவன. ஆனால் அங்கே தவிட்டுக் குருவி என்பது நம்மிடம் புலுனி. ஏழெட்டாகக் கூடி முற்றத்தில் இலைச்சருகைப் புரட்டிச் சச்சரவிடும் அந்தப் புலுனிக் கூட்டத்தை நம் வீட்டுக் கிழவிகள் நன்கு அறிவர். தவிட்டுக் குருவி என்றாலோ எங்கேயோ உள்ள பறவை என்பர். நூற்பெயரைப் படிப்பித்து ஊர்ப்பெயரை அழிப்போமாயின் இரண்டாம் முறையும் இழந்தவராவோம். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, மஞ்சள் மூக்கு, கறுப்புத் தலை என்று அடுக்கும் புதுப்பெயர்களும் அப்படியே. அவை பறவையின் அடையாளச் சீட்டு, பெயர் ஆகமாட்டா. பெயர் என்பது ஆட்காட்டி போல் இருக்கவேண்டும். கரிக்குருவி போல் இருக்கவேண்டும்.

ஆதலால் பண்டித வகுப்பு நடத்துவோர்க்கும், வன்னிப் பாடசாலைகளில் தமிழ் படிப்பிப்போர்க்கும் ஒரு விண்ணப்பம். வகுப்புக்கு ஓர் ஏடு வையுங்கள். பாடசாலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் கண்ட பறவையை, கண்ட இடமும் மாதமும் குறித்து, பிள்ளைகள் எழுதட்டும். பஸ்ஸில் வருபவன் யன்னலாற் பார்க்கலாம்; துவிச்சக்கரவண்டியில் வருபவன் இறங்கி நின்று பார்க்கலாம். பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். வீட்டு முதியவரிடம் கேட்டு வரச் செய்யுங்கள். இதற்குப் பணமும் வேண்டாம், சுற்றுநிருபமும் வேண்டாம். பரீட்சைத்தாளில் 'ஒருவகைப் பறவை' என்னும் விடைக்குப் புள்ளி இடுவதில்லை என்று பரீட்சகர்கள் முடிவுசெய்தால் இன்னும் நல்லது.

என் வகுப்பில் இவ்வேட்டைத் தொடங்கிவிட்டோம். கேள்வி கேட்ட அம்மாணாக்கனே அதை எழுதுபவன். அவன் அம்மம்மா சொன்ன பெயர்களில் எந்த அகராதியிலும் நான் காணாதனவும் உண்டு. ஏட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் ஏறிவிட்டன. ஓரிடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. வயல் வரம்பில் குடுகுடுவென ஓடும் மண்ணிறச் சிறு குருவி, மார்பிலே கோடுகள், வாலை மெல்ல மேலுங்கீழும் அசைக்கும், எழுந்து பறக்கையில் வாலின் இரு ஓரமும் வெள்ளையாகத் தெரியும். வயல் நெட்டைக்காலி என்று தமிழகத்து நூலில் இருக்கிறது. கண்டாவளையில் அதற்கு என்ன பெயர் என்பதை இதுவரை யாரும் சொல்லவில்லை. ஊரியான், முரசுமோட்டை, தர்மபுரம் பக்கத்து முதியவர் எவரேனும் அறிந்திருந்தால் பேரப்பிள்ளையிடம் சொல்லி அனுப்புக, எழுதிக்கொள்வோம்.