காதும் வாலும் வைத்த பாத்திரங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை (2023/988) 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே ஒரு பொறுப்பாளர் இல்லாமல் இனி ஒரு குவளையைக்கூட விற்க முடியாது. இடர் ஆய்வை எழுதி, ஆவணங்களைப் பத்தாண்டு காக்க வேண்டும். பெயர், முகவரி, அடையாள எண் எல்லாம் பொருளோடு போக வேண்டும். புதுச்சேரி, ஆரோவில் பட்டறைகளிலிருந்து பார்சல் அனுப்புகிற நம்மவர்கள் இவற்றைச் செய்தே தீர வேண்டும் என்பதுதான் இதழின் நிலைப்பாடு. ஈயம், காட்மியம் கசிவுச் சோதனையிலும் (4% அசிட்டிக் அமிலம், 24 மணி நேரம்) நாம் சலுகை கேட்கக் கூடாது.

என் கவலையெல்லாம் 6ஆம் பிரிவைப் பற்றியது. பெரியவர்களுக்கென்றே செய்த பொருளானாலும், குழந்தைகளைக் கவரும் ஒன்றைப் போலத் தோன்றினால் அதையும் கணக்கில் எடுத்துப் பாதுகாப்பை மதிப்பிடச் சொல்கிறது அந்தப் பிரிவு. தடை ஏதும் இல்லை, உண்மைதான். ஆனால் விலங்கு வடிவில் பாத்திரம் செய்கிறவருக்கு அந்த ஒரு வரியே போதும், எப்போது எது திரும்பி வரும் என்ற பயத்தோடு பொதி கட்ட.

18ஆம் நூற்றாண்டு ஸ்டாஃபோர்ட்ஷயரின் பசு வடிவப் பால்குடுவையை நினைத்துப் பாருங்கள். முதுகில் மூடி, வளைந்த வால்தான் கைப்பிடி, வாய்வழியே பால் ஊற்றும். ராபர்ட் வாலஸ் மார்ட்டின் செய்த உப்பு மெருகுப் பறவைகளில் தலைதான் மூடி, உடல்தான் புகையிலை ஜாடி. விலங்கின் உடலைப் பார்த்து, எங்கே பிடிப்பது, எங்கே ஊற்றுவது என்று யோசித்த மூளை அது. இவற்றைப் பொம்மை என்று ஒதுக்கும் பழக்கத்தை எதிர்த்து இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பழக்கத்துக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்துவிட்டது.

பழம்பொருட்களுக்கு இந்த ஒழுங்குமுறையில் விலக்கு உண்டு. ஆகவே மார்ட்டினின் பறவை தாராளமாக எல்லை கடக்கும். அதே அக்கறையோடு இன்று வனைந்த பறவைக்குக் கட்டுக்கட்டாகக் காகிதம் வேண்டும். சுங்க வகைப்பாட்டின் விளக்கக் குறிப்போ, அலங்காரம் எவ்வளவு இருந்தாலும், சாதாரணப் பாத்திரத்துக்குக் குறையாமல் பயன்பட்டால் அது மேசைப் பாத்திரமே என்கிறது. ஒரே கெண்டியைச் சுங்கம் ஊற்றிப் பார்க்கிறது, பாதுகாப்பு அதிகாரி காதைப் பார்க்கிறார். ஒருவர் மட்டும் வேலை செய்யும் பட்டறைக்கும் பெருந்தொழிற்சாலைக்கும் ஒரே சுமையை ஏற்றியவர்கள், எந்தக் காது குழந்தைக்கானது, எது பெரியவருக்கானது என்று விளக்கும் பொறுப்பையாவது ஏற்றிருக்க வேண்டும். அதைக்கூடச் செய்யாமல் பாரத்தை நம் தலையில் வைத்தது அநியாயம்.

இடர் ஆய்வில், யாருடைய பயன்பாட்டுக்கானது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். உடையக்கூடிய நீட்டல்களின் தடிமன், மூடியின் பொருத்தம், சுட்ட வெப்பநிலை, கசிவுச் சோதனை முடிவு எல்லாவற்றையும் சேருங்கள். பயந்து வடிவத்தை மழுக்காதீர்கள். தோற்றத்தைக் காரணம் காட்டி யாருடைய பார்சலாவது திரும்பி வந்தால், அந்தக் கடிதத்தின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து முறையீடாகக் கொண்டுபோக இதழ் தயாராக இருக்கிறது.