இட்லிக்கார அண்ணாச்சி எந்தக் கணக்கில் வருகிறார்?

ஆபீஸில் ஆணி அதிகம், அதனால் ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. இன்றைக்கு எழுத வைத்தது இட்லி.

மும்பையில் இருக்கும் நம்மாட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு சைக்கிள் கேரியரில் அலுமினியப் பாத்திரம், ஹாண்டிலில் சாம்பார் தூக்கு, பாம் பாம் என்று ஒரு ஹாரன். எங்கள் தெருவுக்கு வருகிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் ஒரு மாடி கோலியில் வாடகைக்கு இருக்கிறார். ஊரை விட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தங்கமணிக்கு சட்னியில் கொஞ்சம் கூடப் போடுவார், எனக்குப் போட மாட்டார்.

போன மாதம் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவுக்கு மனு போட வேண்டுமாம், ஆன்லைனில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். உட்கார்ந்து படித்தோம். குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 வருடத்தில் மத்திய, மாநில அரசு வீட்டுத் திட்டம் எதிலும் பயன் பெற்றிருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள்.

"ஊருல வீட்டுக்காரி பேர்ல பசுமை வீடு இருக்குல்லா தம்பி," என்றார்.

2011ல் ஜெயலலிதா அரசு ஆரம்பித்த திட்டம் அது. 300 சதுர அடி, கூரையில் சூரிய ஒளி விளக்கு. அவருடைய அம்மா அதில் இருக்கிறார். இவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இங்கே ஒரே அறையில். மனுவை மூடி வைத்தோம். சந்தேகத்துக்கு ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டார். "ஊருக்குப் போய் இருக்கலாமே" என்று பதில் வந்ததாம். ஊரில் யாருக்கு இட்லி விற்பது என்று அந்த மனிதர் சொல்லவில்லை.

நிற்க. அவருக்கு மானியம் கிடைக்கவில்லை என்பதல்ல என் கடுப்பு. ஒருவருக்கு இரண்டு முறை அரசுப் பணம் வேண்டாம் என்று விதி வைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஒரு கூரை கூட இல்லாதவர் முதலில் வரட்டும். என் சண்டை வேறு. இந்த ஊருக்கு எத்தனை வீடு தேவை என்ற கணக்கையும் நம் அரசாங்கங்கள் இதே மனுக்கட்டை வைத்துத்தான் போடுகின்றன. மனுப் போடத் தகுதி இல்லாதவருக்குத் தேவையும் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். அண்ணாச்சி திருநெல்வேலிக் கணக்கில் வீடு உள்ளவர், மும்பைக் கணக்கில் ஆளே இல்லை.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2012ல் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு, நாட்டின் நகரங்களில் 1.878 கோடி வீடு பற்றாக்குறை என்று கணக்குக் கொடுத்தது. அதில் வீடே இல்லாதவர்கள் வெறும் 5 லட்சத்துச் சொச்சம். ஏறத்தாழ 1.5 கோடி, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, நெரிசலில் இருக்கும் குடும்பங்கள். கல்யாணமான ஜோடிக்குத் தனி அறை இல்லை என்றால் அது பற்றாக்குறை என்று அந்தக் குழு எடுத்துக்கொண்டது. அண்ணாச்சி அந்தக் கணக்கில் வருவார். ஊரில் என்ன இருக்கிறது என்று அதில் யாரும் கேட்கவில்லை.

2015ல் ஆவாஸ் யோஜனா வந்தபோது 2 கோடி வீடு என்றார்கள். பிறகு ஒவ்வொரு நகராட்சியும் 'டிமாண்ட் சர்வே' எடுத்து அனுப்பியது. தேவை 1.12 கோடியாகச் சுருங்கிவிட்டது! இடையில் வீடுகள் கட்டப்பட்டதும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எண் இறங்கியதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. தேவை என்ற சொல்லின் பொருளையே மாற்றிவிட்டார்கள். நெரிசலை எண்ணுவது போய், தகுதியுள்ள மனுக்களை எண்ணுவது வந்துவிட்டது. 2024ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு 1 கோடி வீடு என்று இலக்கு. எப்படி வந்தது, அதில் இந்த நகருக்கு எவ்வளவு, அடுத்த நகருக்கு எவ்வளவு என்று கேட்க எந்தச் சட்டத்திலும் நமக்கு இடம் இல்லை.

என் மச்சினன் கலிபோர்னியாவில் இருக்கிறான். சொந்த வீடு, முன்னால் புல்வெளி. அவன் தெருவுக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வரப்போகிறதாம், "ஸ்டேட் லா மாமா, சிட்டியால தடுக்க முடியல" என்று வாரா வாரம் போனில் புலம்புகிறான். அவன் புலம்பலில்தான் எனக்குப் பொறி தட்டியது.

அங்கே 1969லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. பின்னால் வந்த திருத்தங்களோடு இன்று அது நடக்கும் முறை இது: ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எத்தனை வீடு தேவை என்று மாநில அரசு எண் கொடுக்கும். வட்டாரக் குழு அதை நகரவாரியாகப் பிரிக்கும். எந்த வருமானக்காரருக்கு எத்தனை என்பதும் அதில் உண்டு. தன் பங்குக்கு வேண்டிய இடத்தை ஒவ்வொரு நகரமும் திட்டத்தில் ஒதுக்கியாக வேண்டும். நீண்ட காலம் அந்த எண்ணும் பெரும்பாலும் மக்கள்தொகை வளர்ச்சியை வைத்தே வந்தது. வீடு கிடைக்காமல் ஊரை விட்டு ஓடியவன் வளர்ச்சிக் கணக்கில் வர மாட்டான். அப்பா வீட்டு ஹாலில் படுத்திருக்கும் முப்பது வயதுப் பையனும் வர மாட்டான். வீடு கட்டாத ஊருக்குத் தேவையும் குறைவு என்று காட்டலாம். என்ன அழகான கணக்கு!

2018ல் சூத்திரத்தையே திருத்தினார்கள். நெரிசல், வருமானத்தில் வாடகை விழுங்கும் பங்கு, காலி வீடுகள் எத்தனை சதவீதம் இருந்தால் ஆரோக்கியம் என்பதெல்லாம் உள்ளே வந்தன. போன சுற்றில் குறைவாகக் கட்டினோம், அதனால் இந்தச் சுற்றிலும் குறைவாகக் கொடுங்கள் என்று கேட்பதற்கும் தடை. விளைவைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட ஆறு கவுண்ட்டிகளின் இலக்கு 4.12 லட்சத்திலிருந்து 13.4 லட்சமானது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு 1.88 லட்சம் என்பது 4.41 லட்சமானது. ஜனங்கள் ஒரே இரவில் மூன்று மடங்கா ஆனார்கள்? யாரை எண்ணுவது என்பது மாறியது, அவ்வளவுதான். அவ்வளவு முடியாது என்று தெற்கு வட்டாரக் குழு ஆட்சேபித்தது. மாநிலம் துளி குறைத்துவிட்டு நின்றது.

அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. இடம் ஒதுக்குவது வேறு, வீடு எழும்புவது வேறு. அரசின் கணக்கில் பிழைகள் இருப்பதாக 2022ல் மாநிலத் தணிக்கையாளரே எழுதினார். ஆனால் சண்டை போடவாவது ஒரு எண் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. என் மச்சினனும் கோர்ட்டுக்குப் போகலாம், அவன் எதிரியும் போகலாம்.

நம் கதை என்ன? மகாராஷ்டிராவில் 1966லேயே நகரமைப்புச் சட்டம் வந்து, வட்டாரத் திட்டத்துக்கும் வழி செய்தது. அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரப் பகுதிகளுக்குத் திட்டக் குழு வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்காவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வேண்டும் என்கிறது. இதற்காக 1999ல் இங்கே தனிச் சட்டமும் போட்டார்கள். எலும்புக்கூடு முழுசாக இருக்கிறது. தானே இத்தனை, கல்யாண் டோம்பிவிலி இத்தனை, தென் மும்பை இத்தனை என்று பிரித்துக் கட்டாயப்படுத்தும் சதைதான் இல்லை. 2025ல் மாநில அரசு புதிய வீட்டுக் கொள்கை கொண்டுவந்து, 2030க்குள் 35 லட்சம் வீடு என்றது. மாவட்டவாரியாகத் தேவையைக் கணக்கெடுப்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நல்லது, கைதட்டுகிறேன். ஆனால் கொள்கை என்பது அரசு தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் கடிதம். அதை மீறினால் கேட்க ஆளில்லை.

எண்ணை நகரவாரியாகப் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சென்ட்ரல் லைனில் காலை ஏறிப் பார்த்தால் தெரியும். நிலம் மலிவாக இருக்கும் இடத்தில், கர்ஜத் பக்கம், பன்வேலுக்கு அப்பால், வீடு எழும்பும். வேலை இருக்கும் இடத்தில் எழும்பாது. அரிசி ஊறப்போட்டு, அரைத்து, விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைக்கும் ஆளுக்குக் கர்ஜத்தில் வீடு கொடுத்து என்ன பிரயோஜனம்? 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அப்புறம் 2021ல் வர வேண்டிய கணக்கெடுப்பே அந்த வருடம் நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஐக் கணக்குத் தேதியாக வைத்து அறிவித்தார்கள். இடையில் எவ்வளவு பேர் வந்தார்கள், போனார்கள் என்பதெல்லாம் ஊகம்தான்.

ஆகவே மக்களே, மராட்டியனா மதராசியா என்ற பழைய பஞ்சாயத்தாக இதைப் பார்க்காதீர்கள். மாடா லாட்டரிக்கு டொமிசைல் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று நாம் பொருமுகிறோம். திருப்பூரில் பனியன் தைக்கும் பீகார்ப் பையனும், சென்னையில் மெட்ரோவுக்குக் குழி தோண்டும் ஒடிசாக்காரரும் நம் ஊர்க் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? தகரக் கொட்டகையில். அங்கே நாம்தான் 'ஊர்க்காரர்கள்', அதனால் பேச மாட்டோம்.

நான் கேட்பது மாநிலச் சட்டம். மானியப் பட்டியல் ஒன்று, தேவைக் கணக்கு வேறொன்று என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தேவைக் கணக்கில் இந்த நகரில் இன்று இரவு படுக்கிற ஆளை எண்ண வேண்டும், அவனுக்கு எந்த ஊரில் ஓடு இருந்தாலும் சரி. வாடகைக் குடித்தனம், ஓர் அறையில் எத்தனை பேர், சம்பளத்தில் வாடகை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வந்த எண்ணை ஒவ்வொரு மாநகராட்சிக்கும் பிரித்து, வேலை அதிகமுள்ள இடத்துக்கு அதிகப் பங்கு கொடுத்து, அதில் வாடகை வீட்டுக்கும் ஒரு பகுதி வைக்க வேண்டும். 2020ல் ஊரடங்கில் நடந்தே போன ஜனங்களைப் பார்த்த பிறகுதான், அந்த ஜூலையில், புலம்பெயர்ந்தவர்களுக்கு மலிவு வாடகை வீடு என்ற ஒரு திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதுவரை வாடகைக்காரன் கண்ணிலேயே படவில்லை.

மும்பைத் தமிழர்களின் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கலுக்குப் பட்டிமன்றம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு மேடைக்கு வருகிறவரிடம் இலவச வீடு என்று மனுக் கொடுப்பதை ஒரு முறை நிறுத்திவிட்டு, எங்களை எந்தச் சட்டப்படி எண்ணப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். விழிக்கட்டும்.

அண்ணாச்சி நேற்றும் வந்தார். அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்தேன். ஆதார் நகல்களை எண்ணிப் பார்த்து மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாடி கோலிக்கு வாடகை அடுத்த மாதத்திலிருந்து ஏறுகிறதாம்.

"இட்லி ரேட்டையும் ஏத்தணும் தம்பி, தப்பா எடுத்துக்காதிய," என்றார்.