கதிரவன் யாருக்குச் சொந்தம்?

மண்ணைக் குடைந்து மின்சாரம் எடுத்த மாவட்டம் கடலூர். சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த நெய்வேலி முதல் அனல் மின்நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று, 600 மெகாவாட்டாக வளர்ந்தது, 2020-இல் ஓய்ந்தது. அதே நெய்வேலியில் இன்று வானத்திலிருந்தும் மின்சாரம் இறங்குகிறது. முதலில் 10 மெகாவாட், பின்னர் 130 மெகாவாட் எனச் சூரிய மின்நிலையங்கள் அங்கே எழுந்துள்ளன. இந்திய நாட்டின் சூரிய மின்திறனோ 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. புகையில்லை, சாம்பலில்லை, வரவேற்கிறோம். ஆனால், வரவேற்போடு நம் கடமை முடிந்துவிடுமா?

சூரியத் தகட்டுக்கும் நிலம் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கைந்து ஏக்கர் வேண்டும். 2023 ஜூலையில், சுரங்கத்துக்குக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடு மறக்கவில்லை. நிலக்கரிக்காகச் சோற்று வயலை இழந்த உழவன், கதிரவனுக்காகவும் இழக்க வேண்டுமா? தோண்டி முடித்த சுரங்க நிலம் இருக்கிறது, தரிசு இருக்கிறது, அரசுக் கட்டடங்களின் மாடிகள் இருக்கின்றன. அங்கே விரியட்டும் தகடுகள்!

வீட்டுக் கூரையில் மின்சாரம் விளைவிக்க 2024-இல் மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது. மூன்று கிலோவாட் அமைத்தால் 78,000 ரூபாய் மானியம். நல்லதுதான்! ஆனால் மானியம் போக மீதிப் பணத்தை யார் போடுவது? தகட்டைத் தாங்கும் மெத்தை வீடு யாருக்கு இருக்கிறது? சிதம்பரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், நாற்று நடும் கைகள் உறங்குவது கீற்றுக் கொட்டகையில். 2011-இல் ‘தானே’ புயல் வாரிச் சென்றதும் அத்தகைய கொட்டகைகளைத்தான். உள்ளவன் மாடிக்கு மானியம், இல்லாதவன் குடிசைக்கு வெயில் மட்டும் என்பது நீதியாகுமா?

வழி இருக்கிறது, தோழர்களே! பள்ளிக்கூடத்தின் மேலும், ஊராட்சி அலுவலகத்தின் மேலும், கூட்டுறவுச் சங்கத்தின் மேலும் தகடு பதிக்கட்டும் அரசு. விளையும் யூனிட்டுகளைக் குடிசைவாசிகளின் கணக்கில் வரவு வைக்க விதி வகுக்கட்டும். பகலில் பெற்றதை இரவுக்குத் தேக்கும் மின்கலங்களையும் சேர்த்தே நிறுவட்டும். அனல் மின்நிலையம் ஓயும்போது ஒப்பந்தத் தொழிலாளி தெருவில் நிற்கலாகாது. புதுத் தொழிலை அவனுக்கே முதலில் கற்பிக்கட்டும்.

அடுத்த கிராம சபையில் இதனைத் தீர்மானமாக்குங்கள். கதிரவன் குடிசை என்றும் மாளிகை என்றும் பார்த்து ஒளி வீசுவதில்லை. அவன் தரும் மின்சாரம் மட்டும் ஆள் பார்த்து நுழையலாமா?